சேர் பொன். இராமநாதன்: மரியாதையும் மறதியும்

வத்தளையிலிருந்து களனி கங்கையைக் கடந்து வடகொழும்புக்குள் நுழைபவர் கொட்டாஞ்சேனையைத் தாண்டிக் கொச்சிக்கடைக்கு வரும்போது, கருங்கல்லால் எழுப்பப்பட்ட ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தைக் காணாமல் போக முடியாது. தென்னிந்தியச் சிற்பிகளின் கைவண்ணத்தில் உருவான அக்கோயிலின் தூண்களை அண்ணாந்து பார்த்தவாறு வளர்ந்தவர்களுள் நாமும் ஒருவர். கோயில் அமைந்துள்ள வீதி சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தந்தையார் 1857 இல் கட்டுவித்த ஆலயத்தை 1907 க்கும் 1912 க்கும் இடையில் கருங்கற் கோயிலாக மாற்றியமைத்தவர் அவரே. எனவே அவ்வீதிக்கு அவர் பெயர் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அதே வீதியால் நாள்தோறும் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் நடந்து செல்லும் முஸ்லிம் சகோதரர் ஒருவர் அப்பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது என்ன நினைப்பார் என்ற கேள்வி தமிழர்களாகிய நம்மில் பெரும்பாலானோருக்கு எழுந்ததே இல்லை. எழ வேண்டிய கேள்வி அது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடாகும்.

இத்தகைய கேள்விகள் இன்று உலகெங்கும் எழுப்பப்பட்டு வருகின்றன. தென்னாபிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் செசில் ரோட்ஸின் சிலை 2015 இல் அகற்றப்பட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 இல் மக்கள் சாய்த்து வீழ்த்தித் துறைமுக நீரில் எறிந்தனர். மகாத்மா காந்தியும் தப்பவில்லை. கானா பல்கலைக்கழகத்தில் 2016 இல் நிறுவப்பட்ட அவரது சிலை, இளமைக் காலத்தில் தென்னாபிரிக்காவில் அவர் கறுப்பின மக்களைத் தாழ்த்தி எழுதியதைச் சுட்டிக்காட்டிய ஆசிரியர்களினதும் மாணவர்களினதும் எதிர்ப்பினால் 2018 இல் அகற்றப்பட்டது. நமது நாட்டில் இவ்வாறான விவாதம் வரும்போதெல்லாம் தமிழரும் முஸ்லிம்களும் ஒருமித்துச் சுட்டும் பெயர் அநகாரிக தர்மபாலவினுடையது. கொள்ளுப்பிட்டிப் பக்கமிருந்து நகரமண்டபத்தை நோக்கிச் செல்லும் பழைய டரட் வீதி இன்று அவரது பெயரால் அழைக்கப்படுகிறது. புத்தகயாவை மீட்கப் பாடுபட்டவர், சிங்கள பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடி என்ற வகையில் அவருக்கு அந்த மரியாதை. ஆனால் முஸ்லிம் வர்த்தகர்களை அந்நியராகவும் சுரண்டிப் பிழைப்போராகவும் சித்திரித்து அவர் எழுதியவை இந்நாட்டில் எவ்வளவு நஞ்சைக் கலந்தன என்பதைச் சிறுபான்மை மக்கள் மறக்கவில்லை. அக்குற்றச்சாட்டு நியாயமானதே. எனினும், அடுத்தவர் வீட்டுப் பெரியவரை நிறுப்பதற்கு எடுத்த தராசை நமது வீட்டுப் பெரியவருக்கும் எடுக்க நாம் ஆயத்தமா என்பதே சிக்கல். ஆகையால் தர்மபாலவை ஒருபுறம் வைத்துவிட்டு இராமநாதனின் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இராமநாதன் 1851 ஏப்ரல் 16 ஆம் திகதி கொழும்பு செட்டியார் தெருவில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் யாழ்ப்பாணத்து மானிப்பாய். தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியார், 1833 இல் தொடங்கப்பட்ட சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் அமர்ந்த முதல் உறுப்பினர். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி, கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் தந்தையார். தமையனார் பொ. குமாரசுவாமியும் இளவல் பொ. அருணாசலமும் பின்னாளில் பொதுவாழ்வில் புகழ் பெற்றவர்களே. ஒரே குடும்பத்தில் இத்தனை பேர் அரசியலில் இடம்பிடித்ததற்குத் திறமை மட்டுமன்றி, பிரித்தானிய ஆட்சி தமிழருக்கென ஒதுக்கிய ஓர் ஆசனம் ஏறத்தாழ அக்குடும்பத்தின் பரம்பரைச் சொத்துப்போல் கைமாறி வந்ததும் காரணமாகும். கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்ற இராமநாதன் சேர் றிச்சட் மோர்கனிடம் சட்டம் கற்று அத்வகாத்தானார். மாமனார் முத்துக்குமாரசுவாமி 1879 இல் மறைந்ததும் அவரது இடத்துக்குத் தேசாதிபதி நியமித்தது 28 வயதேயான இராமநாதனைத்தான்.

அன்றைய சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் ஆறு பேர் மாத்திரமே. மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்குத் தலா ஓர் இடம். முஸ்லிம்களுக்கென ஓர் உறுப்பினர் இல்லை. தமிழ் பேசுவோர் என்ற முறையில் அவர்களும் தமிழ் உறுப்பினரின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தனர். பின்னால் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இந்த ஏற்பாட்டை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்வது அவசியம்.

சபையில் இராமநாதன் ஆற்றிய பணிகள் மிகப் பல. வெசாக் பௌர்ணமி தினம் 1885 முதல் அரச விடுமுறையாவதற்குச் சபையில் குரல் கொடுத்தவர் சைவரான அவரே. 1904 இல் ஆனந்தாக் கல்லூரியில் ஆற்றிய உரையொன்றில், சிங்கள மொழியைக் கைவிட்டு ஆங்கில மோகத்தில் திரியும் சிங்களவரை அவர் கடிந்துகொண்டார். 1892 இல் சொலிசிட்டர் ஜெனரலாகி 1906 வரை அப்பதவியில் இருந்தார். அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு, மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குச் சைவசித்தாந்த நோக்கில் ஆங்கில உரைகள் வெளியிட்டார். ஓய்வுபெறும் காலத்தில் அமெரிக்காவுக்குச் சென்று பல நகரங்களில் விரிவுரையாற்றினார். சைவப் பெண்பிள்ளைகளுக்காக 1913 இல் சுன்னாகத்தில் இராமநாதன் கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கெனப் பரமேஸ்வராக் கல்லூரியையும் தம் சொந்தப் பணத்தில் நிறுவினார். பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவிலேதான் 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கி இன்றைய பல்கலைக்கழகம் வளர்ந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியொன்றுக்கும் அவர் பெயர் இடப்பட்டுள்ளது. இவை எதனையும் எவரும் குறைத்துப் பேச இயலாது. நாமும் அதற்காக இதனை எழுதவில்லை.

இனி, கசப்பான பக்கத்துக்கு வருவோம்.

1888 ஏப்ரலில் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் இராமநாதன் ஓர் ஆய்வுரை வாசித்தார். இலங்கைச் சோனகரின் இனவியல் என்பது அதன் பொருள். சோனகர் பேசும் மொழி தமிழ், அவர்களின் திருமணத்தில் தாலி உண்டு, வழக்கங்கள் பலவும் தமிழருடையவை, தோற்றமும் அவ்வாறே, முன்னோர் காயல்பட்டினம் போன்ற தென்னிந்தியக் கரையோரங்களிலிருந்து வந்தோர், ஆகவே அவர்கள் மதத்தால் முஸ்லிம்களாயினும் இனத்தால் தமிழரே என்பதுதான் அவர் கண்ட முடிவு. இதிலென்ன இனவாதம், உறவு கொண்டாடியதுதானே என்று தமிழ் வாசகர் கேட்கலாம். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

ஆனால் எந்தக் காலத்தில், எந்தச் சூழலில் அது வாசிக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டநிரூபண சபையை விரிவாக்கி முஸ்லிம்களுக்கும் கண்டிச் சிங்களவருக்கும் தனித்தனி உறுப்பினர் நியமிக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்திருந்த காலம் அது. 1883 இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டுக் கொழும்புக்கு வந்திருந்த ஒறாபி பாஷாவின் வருகை முஸ்லிம் சமூகத்தில் புதியதோர் எழுச்சியை உண்டாக்கியிருந்தது. அறிஞர் சித்தி லெப்பை 1882 முதல் முஸ்லிம் நேசன் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். அசன்பே சரித்திரம் 1885 இல் வெளிவந்து தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றாயிற்று. ஆக, தமிழிலேயே பத்திரிகை நடத்தி, தமிழிலேயே நாவல் எழுதி, தமிழை நேசித்த ஒரு சமூகம் தனக்கெனச் சபையில் ஓர் இடம் வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வேளையில், அவர்கள் தனியினம் அல்லர் என்று நிறுவ முற்பட்டவர், அவர்களுக்கும் சேர்த்துத் தாமே பிரதிநிதி என்று அதே சபையில் அமர்ந்திருந்தவர். வழக்கில் தாமே ஒரு தரப்பாக இருந்துகொண்டு தாமே நிபுணர் சாட்சியாகவும் தோன்றுவது எந்த நீதிமன்றத்திலும் ஏற்கப்படாத காரியம். சட்ட விற்பன்னரான இராமநாதனுக்கு அது தெரியாததல்ல.

அவருடைய முயற்சி பலிக்கவில்லை. 1889 இல் எம். சி. அப்துல் ரஹ்மான் சபையின் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். எனினும் ஆய்வுரை அச்சில் நிலைத்துவிட்டது. ஏறத்தாழ 20 ஆண்டுகளின் பின், 1907 இல், சோனகர் சங்கத்தின் தலைவராகவிருந்த ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு ஒரு நூலளவு மறுப்பு வெளியிட்டார். அறபு வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்து வணிகத்தின் பொருட்டுத் தமிழைத் தாய்மொழியாக்கிக் கொண்டதை எடுத்துரைத்த அவர், இராமநாதனின் ஆய்வுக்குப் பின்னாலிருந்த அரசியல் நோக்கத்தையும் வெளிப்படையாகவே சுட்டினார். உண்மையைச் சொல்வதானால், மர்ஹூம் அப்துல் அஸீஸின் எழுத்திலும் ஒருவகை வம்சப் பெருமை இல்லாமலில்லை. இலங்கை முஸ்லிம்களின் வேர்கள் அறபு நாட்டிலும் தமிழகக் கரையிலும் இந்நாட்டு மண்ணிலும் ஒருங்கே ஓடுகின்றன என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. எனினும் இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஒருவர் தம் சமூகம் யாதெனத் தாமே சொன்னார். மற்றவர் அடுத்த சமூகம் யாதென அதிகாரத்தில் இருந்துகொண்டு சொன்னார்.

இங்கு ஒன்றை இடைமறித்துச் சொல்லத் தோன்றுகிறது. 1888 இல் தமிழ்த் தலைமை முஸ்லிம்களை, நீங்கள் தமிழரே, உங்களுக்கெனத் தனிக்குரல் எதற்கு என்றது. 1990 ஒக்டோபரில் தமிழரின் பெயரால் ஆயுதம் ஏந்தியோர் வடமாகாணத்தின் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை, நீங்கள் தமிழர் அல்லர் என்று சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் விரட்டினர். அதற்குச் சில மாதங்கள் முன்னரே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். இராமநாதனின் ஆய்வுரையிலிருந்து அந்த வெளியேற்றத்துக்கு நேர்கோடு போட முடியாது. அவ்வாறு சொல்வது அவருக்கு இழைக்கும் அநீதியாகும். ஆயினும் உள்ளே வா என்றபோதும் வெளியே போ என்றபோதும் முஸ்லிம்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை என்ற ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது.

1911 இல் படித்த இலங்கையருக்கென உருவாக்கப்பட்ட ஆசனத்துக்கு நடந்த தேர்தலில் இராமநாதன் டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். மூவாயிரத்துக்கும் குறைவான வாக்காளரே இருந்த அத்தேர்தலை இன ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் உண்டு. கரையார் சமூகத்தவரான பெர்னாண்டோவை விரும்பாத கொவிகமச் சிங்களப் பிரமுகர் பலர் வெள்ளாளத் தமிழரான இராமநாதனை ஆதரித்தனர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையடையும்.

பின்னர் 1915 வந்தது. கம்பளையில் பெரஹரா பள்ளிவாசலைக் கடந்து செல்வது தொடர்பான நீண்ட வழக்கின் புகைச்சல் ஒருபுறமிருக்க, மே மாத இறுதியில் வெசாக் இரவில் கண்டியில் பள்ளிவாசல் ஒன்றின் அருகே மூண்ட மோதல் சில நாட்களில் நாட்டின் பல மாகாணங்களுக்கும் பரவியது. கொழும்பும் எரிந்தது. அரச கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர், 189 பேர் காயமுற்றனர், நான்கு பெண்கள் வல்லுறவுக்குள்ளாயினர். 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, மேலும் 86 சேதமாக்கப்பட்டன. 4,000 க்கும் அதிகமான கடைகள் சூறையாடப்பட்டன. ஜூன் 2 ஆம் திகதி தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். அதன்பின் நடந்தது மற்றொரு கொடுமை. பஞ்சாப் சிப்பாய்களும் ஐரோப்பியத் தொண்டர் படையினரும் விசாரணையின்றிச் சிங்களவரைச் சுட்டனர். இளைஞர் ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7 ஆம் திகதி மரண தண்டனைக்கு உள்ளானார். டி. எஸ். சேனாநாயக்க, எப். ஆர். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலான தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர்.

இராமநாதன் சபையில் எழுந்தார். இராணுவச் சட்டத்தின் அட்டூழியங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். ஏகாதிபத்திய ஆட்சியின் உச்சக்கட்டத்தில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், தேசாதிபதியின் முகத்துக்கு நேரே அவ்வாறு பேசுவதற்கு மிகுந்த துணிவு வேண்டும். அத்துடன் நில்லாமல், நீர்மூழ்கிக் கப்பல்களின் அபாயம் நிறைந்த கடலைத் தாண்டி, 64 வயதில், இலண்டனுக்குச் சென்று முறையிட்டார். சாமர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். இராமநாதனின் வாதங்கள் 1916 இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. நாடு திரும்பிய அவரைச் சிங்களத் தலைவர்களும் இளைஞர்களும் எதிர்கொண்டு, வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியை இழுத்து வோட் பிளேஸில் இருந்த அவரது சுகஸ்தான் இல்லத்துக்குக் கொண்டுசென்று சேர்த்தனர்.

இந்தத் தேரிழுப்புக் கதையைக் கேளாமல் இந்நாட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை வளர்ந்துவிட முடியாது. பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் நாமே அதனை முழங்கிப் பரிசு வாங்கியிருக்கிறோம். மேடைக்கு மேடை அது சொல்லப்படும் விதமும் ஒன்றே: தமிழர் தலைவர் சிங்களவரைக் காப்பாற்றினார், வண்டி இழுத்தவர்களின் வழிவந்தோர் பின்னர் தமிழருக்கு நன்றி கொன்றனர். அக்கதையில் இரண்டே பாத்திரங்கள்தாம், காத்தவரும் நன்றி மறந்தவரும். கடை எரிந்தவர், பள்ளிவாசல் இடிந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் அதில் எங்குமே வருவதில்லை. அவ்வண்டி கொழும்புத் தெருக்களால் இழுத்துச் செல்லப்பட்டபோது, சூறையாடப்பட்ட முஸ்லிம் கடைகள் பல இன்னும் சீராக்கப்படாமலே இருந்திருக்கும். அக்கடைகளின் வாசலில் நின்று வண்டியைப் பார்த்தவரின் கதையை எந்தத் தமிழ்ப் பிள்ளையும் பேச்சுப் போட்டியில் சொன்னதில்லை.

இராமநாதனின் வாதத்திலும் அவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. சிங்களவர் இயல்பில் சாந்தமானவர், கரையோரச் சோனகர் எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம் வர்த்தகரின் பிடிவாதமும் விலையேற்றமுமே மக்களைச் சினமூட்டின என்ற போக்கில் அமைந்த அவரது விளக்கம், அடி வாங்கியவரையே அடிக்குக் காரணராக்கிற்று. சேதங்களுக்கு நட்டஈடு வழங்கும்பொருட்டுப் பாதிக்கப்பட்ட பிரதேசங்களின் சிங்களவரிடம் வரி அறவிட அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோதும் அவர் அதனை எதிர்த்தார். குற்றம் செய்யாதோரையும் சேர்த்துத் தண்டிக்கிறது என்ற அவரது ஆட்சேபம் சட்ட நோக்கில் வலுவானதே. ஆனால் எரிந்த கடைக்காரருக்கு வேறு எவ்வழியில் நியாயம் கிடைக்கும் என்பதைப் பற்றி அவர் அதே ஆர்வத்துடன் வாதிடவில்லை. இராணுவச் சட்டத்தைக் கண்டிப்பதற்கு முஸ்லிம்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டு அநீதிகளையும் ஒரே மூச்சில் கண்டித்திருக்கலாம். அவ்வளவு பெரிய வழக்கறிஞருக்கு அது இயலாத காரியமா? முஸ்லிம்கள் அவரை மன்னிக்க மறுத்ததில் நியாயமிருக்கிறது. முதலில் பாதிக்கப்பட்டவரின் குறையைத் தேடும் இதே வழக்கம் 2014 இல் அளுத்கமவிலும் 2018 இல் திகனவிலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டியதை வாசகர்கள் அறிவர்.

1921 இல் சேர் பட்டம் பெற்ற இராமநாதன் 1924 முதல் வடமாகாணத்தைப் பிரதிநிதித்துவம் செய்தார். அவரது இறுதிப் போராட்டம் டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசுகளுக்கு எதிரானது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தால் பெரும்பான்மையினரின் கையில் அதிகாரம் முழுவதும் சென்றுவிடும் என்று அவர் எச்சரித்ததைத் தீர்க்கதரிசனம் என்று தமிழர் நினைவுகூர்கின்றனர். அது உண்மையே. பின்வந்த வரலாறு அந்த அச்சத்தை மெய்ப்பித்தது. ஆனால் அதே மூச்சில் அவர் சர்வசன வாக்குரிமையையும் எதிர்த்தார் என்பது மேடைகளில் விடுபட்டுப் போகிறது. நாட்டு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேருக்கே வாக்கிருந்த காலம் அது. கல்வியோ சொத்தோ இல்லாதவரின் கையில், ஒடுக்கப்பட்ட சாதியாரின் கையில் வாக்குச் சென்றால் சமூக ஒழுங்கு குலையும் என்பது அவரது நம்பிக்கை. பெண்களுக்கு வாக்களிப்பதையும் அவர் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவரே அக்கல்லூரியில் படித்தவளுக்கு வாக்கு வேண்டாம் என்றார். அந்தக் காலத்து மனிதர் அப்படித்தான் இருப்பார் என்று இதனைத் தள்ளிவிடவும் முடியாது. அதே வீட்டில், அதே காலத்தில் வளர்ந்த தம்பி அருணாசலம் வாக்குரிமை விரிவாக்கத்துக்காகவும் தொழிலாளர் நலனுக்காகவும் சங்கங்கள் அமைத்துப் பாடுபட்டார். காலம் இருவருக்கும் ஒன்றே.

அப்படியானால் கொச்சிக்கடை வீதியின் பெயர்ப் பலகையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே நமது விடை. ரோட்ஸும் கோல்ஸ்டனும் மற்றவரின் நிலத்தையும் உடலையும் கொள்ளையிட்டுச் சேர்த்த செல்வத்தால் மதிக்கப்பட்டவர்கள். இராமநாதன் அத்தகையவர் அல்லர். அவர் மதிக்கப்படுவது அவர் கட்டிய கோயிலுக்கும் கல்லூரிகளுக்கும், இராணுவச் சட்டத்துக்கு எதிராகக் காட்டிய துணிவுக்கும். அவை உண்மையானவை. ஆனால் மரியாதை என்பது கதையின் பாதியை மறைப்பதற்கான உரிமையன்று. ஆண்டுதோறும் அவருக்கு எடுக்கப்படும் நினைவு விழாக்களில் 1888 ஆம் ஆண்டின் ஆய்வுரையும் 1915 இல் அவர் சொல்லாமல் விட்டதும் பேசப்பட வேண்டும். அங்கு ஒரு முஸ்லிம் அறிஞர் அழைக்கப்பட்டு, தம் சமூகத்தின் நோக்கில் இராமநாதனைப் பற்றிப் பேசினால், அதனைச் செவிமடுக்கும் பெருந்தன்மை அவரைப் போற்றுவோருக்கு இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவரும் பயில்கின்றனர். பரமேஸ்வரன் ஆலயம் நிற்கும் அந்த வளவை உருவாக்கியவர் தம் சமூகத்தைப் பற்றி என்ன எழுதினார் என்பதை அவர்கள் தாமாகவே தேடி அறிந்து அதிர்ச்சியடைய விடுவதைவிட, நாமே சொல்லிவிடுவது மேலானது. அப்துல் அஸீஸின் 1907 ஆம் ஆண்டு மறுப்பு நூலைத் தமிழர் வாசிக்க வேண்டும். தர்மபாலவின் பெயர் தாங்கிய வீதியில் நடக்கும்போது நாம் சிங்களச் சகோதரரிடம் எதிர்பார்ப்பதும் இதுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை.

டொனமூர் திட்டம் 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபையில் 19 க்கு 17 என்ற வாக்குகளில் நிறைவேறியது. முதுமையிலும் தளராத இராமநாதன் மறுபடியும் இலண்டனுக்குச் சென்று அதனைத் தடுக்க முயன்றார், முடியவில்லை. 1930 நவம்பர் 26 ஆம் திகதி அவர் காலமானார். அடுத்த ஆண்டே ஆண்களும் பெண்களும் சாதி, சொத்து வேறுபாடின்றி வாக்களிக்கும் முதலாவது தேர்தல் நடைபெற்றது. அதற்கும் மறு ஆண்டு, 1932 இல், கொழும்பு வடக்குத் தொகுதியின் இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி அரசாங்க சபைக்குத் தெரிவானார். இராமநாதன் கட்டிய கோயிலைச் சூழ வாழ்ந்த துறைமுகத் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும், ஆண்களும் பெண்களும் அவ்வாக்கைப் போட்டிருந்தனர்.